பாக்கெட் மூடியில் ஒரு வரிசை முடிச்சு

யாருக்காக என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நின்று பதிலைக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. கையிலிருந்த பிரம்பின் நுனியால் என் சட்டையின் இடது பாக்கெட் மூடியைத் தூக்கி, வெயிலுக்குக் காட்டிப் பார்த்து, "இது என்ன பூ? யாருக்காக இந்த அலங்காரம்?" என்று இந்தியில் கேட்டார் புது கமாண்டன்ட். நான் வாயைத் திறப்பதற்குள், "யோசித்து வை. வரிசையை முடித்துவிட்டு வருகிறேன். பதில் சரியில்லை என்றால் இன்றைக்கே நீ கேட் டூட்டிக்குத் திரும்பிவிடலாம்" என்று பக்கத்து ஆளிடம் நகர்ந்துவிட்டார். இப்போது நான் அட்டென்ஷனில் நிற்கிறேன். எங்களைக் காட்டுக்குள் ரோந்துக்கு ஏற்றிக்கொண்டு போகவேண்டிய வண்டி மைதானத்து ஓரத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது. வரிசையின் இந்தக் கோடியில் நான், ஒரே பெண். எனக்கு அந்தப் பக்கம் முழுக்க ஆண்கள். ஹெல்மெட்டுக்கு உள்ளேயிருந்து வியர்வை இறங்கிப் புருவத்தில் தொங்குகிறது, துடைக்கக் கூடாது. பூட்ஸுக்குள் ஏதோ ஊர்கிறது, அசையக் கூடாது. யோசிக்கலாம். யோசி என்று உத்தரவே போட்டாகிவிட்டதே, அதனால் யோசிக்கிறேன்.

முதலில், அது பூவே இல்லை. வெறும் முடிச்சு. நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குத்தி இழுத்தால் விழுகிற முடிச்சு. பாக்கெட் மூடியின் ஓரத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறேன், துணியின் நிறத்தைவிட ஒரு பிடி கருத்த பச்சையில். ஒரு முழம் தள்ளி நின்றால் தெரியாது. பிரம்பால் தூக்கினால் தெரியும். தெரிந்தாலும் பூ என்று ஏன் தோன்ற வேண்டும்? தோட்டா என்று தோன்றவில்லை, ஆணி என்று தோன்றவில்லை, எறும்பு வரிசை என்று தோன்றவில்லை. பெண் சட்டையில் எது இருந்தாலும் அது பூ. பூ என்றால் அது யாரோ ஒருவனுக்காக. மனிதருக்கு எவ்வளவு வேகமாகக் கணக்கு முடிந்துவிடுகிறது. இந்த உடுப்பை எனக்குக் கொடுத்த அன்றைக்கு யாராவது இப்படித் தூக்கிப் பார்த்தார்களா? பயிற்சி முகாமில் ஸ்டோர்க்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு மூட்டையை எறிந்தார். "லேடீஸ் சைஸ் வராது, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள்" என்றார். தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கியது. கால்சட்டைக்குள் நானும் என் தங்கச்சியும் சேர்ந்து நிற்கலாம். கயிறு ஏறும்போது ஒரு கை கயிற்றில், ஒரு கை இடுப்பில். முள்கம்பிக்கு அடியில் தவழ்ந்தபோது தொளதொளவென்ற துணி கம்பியில் மாட்டி, பின்பக்கம் கிழிந்து, அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. துணியை வெட்டியவன் மனதில் நான் இல்லை. இந்தப் படையில் எனக்கு ஒரு உடம்பு இருக்கிறது என்பதையே ஒருத்தரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

அதனால் உடுப்பை நானே தைத்துப் பிடித்தேன். இடுப்பைப் பிடித்தேன், தோளை ஏற்றினேன், கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே ஒடுக்கினேன், முதுகில் இரண்டு மடிப்பு வைத்தேன், காலரைப் பிரித்துக் கழுத்தோடு நிற்கிற மாதிரி வைத்தேன். அதற்கெல்லாம் காரணம் கேட்டால் சொல்லிவிடலாம். ஓட, தவழ, சுட வசதி. யாரும் மறுக்க முடியாது. முடிச்சுக்குத்தான் காரணம் இல்லை. அதை வைத்து ஓடவும் முடியாது, சுடவும் முடியாது. அவர் பிரம்பு நேராக அங்கே போய்த்தான் நின்றது பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நான் காரணம் வைத்திருக்காத ஒரே இடத்துக்கு.

"இன்னா செண்பகம், மூஞ்சிய இப்டி வச்சிக்கினு நிக்கிற." பக்கத்தில் நிற்கும் லோகநாதன் உதடு அசையாமல் பேசுகிறான். குடியாத்தத்துக்காரன், நல்லவன், தண்ணீர் தீர்ந்துபோனால் தன் பாட்டிலை நீட்டுகிறவன். "சாரி சார்னு சொல்லிட்டுப் போயேன். ஒரு வார்த்த. வாய்ல முத்தா உதுந்துடும்?" அவன் தோளைப் பார்க்கிறேன். அங்கே ஒரு மண்டையோடு பல்லை இளித்துக்கொண்டு ஒட்டியிருக்கிறது. அதை எந்த அரசாங்கம் அவனுக்குக் கொடுத்தது? ஆன்லைனில் வாங்கினான். அது ஒட்டுவதற்கான வெல்க்ரோவை அவன் சட்டைக் கையில் தைத்துக் கொடுத்ததே நான்தான், கோணல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று இரண்டு தடவை பிரித்துத் தைக்கச் சொன்னான். சற்று முன்பு கமாண்டன்ட் அந்த மண்டையோட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவன் தோளில் தட்டி, "சபாஷ், புலி" என்றார். என் காதுக்குப் பக்கத்தில்தான் சொன்னார். இவனுக்கு அடுத்தவனைப் பாருங்கள், புஜம் தெரியச் சட்டைக் கையை மடித்து, மடிப்பு இறங்காமல் இருக்க உள்ளே ஊக்கு குத்தியிருக்கிறான். அதுவும் அலங்காரம்தான். அதற்கடுத்தவனுக்கு இந்த வேகாத வெயிலில் விரல் வெட்டிய கையுறை. இன்னொருத்தன் மார்பில் தலைகீழாக ஒரு கத்தி, அது இதுவரை வெங்காயத்தைத் தவிர வேறு எதையும் வெட்டியதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் நிற்பவன் தொடையில் பிஸ்டல் உறை கட்டியிருக்கிறான், உள்ளே பிஸ்டல் இல்லை, செல்போன் சார்ஜ் போடுகிற பவர்பேங்க் இருக்கிறது. ஆரஞ்சு நிறக் கண்ணாடிகள், இன்னும் சில மண்டையோடுகள், ஒதுக்கிய தாடிகள். யாருக்காக? ஒருத்தனிடம் கேட்டாரா? அவர்களிடம் இருந்தால் அது வீரம், மிடுக்கு. என்னிடம் இருந்தால் அலங்காரம். ஏன், அவர் மட்டும்? அவர் தலையில் இருக்கும் தொப்பி ஒரு பக்கமாக வழிந்து காதைத் தொடுகிறது. ஸ்டோரில் கொடுக்கிற தொப்பி அப்படி விழாது, தோசைக்கல் மாதிரிதான் உட்காரும். வெந்நீரில் நனைத்து, தலையில் வைத்து அழுத்தி, காய்கிற வரைக்கும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மேலே இருக்கிற ரோமத்தை பிளேடால் மழித்தால்தான் அப்படி விழும். உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். அவரிடம் போய் யாருக்காக சார் என்று கேட்க யாருக்குப் பிரம்பு இருக்கிறது?

இன்ஸ்பெக்டர் ஞானதிரவியம் வருகிறார். என் தோள் வாரைச் சரிபார்க்கிற மாதிரி குனிகிறார். எங்கள் ரோந்துக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நாசரேத்துக்காரர். நான் கோவில்பட்டி என்று தெரிந்த நாளிலிருந்து, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அவர் எனக்கு அண்ணாச்சி.

"ஏ செண்பகம், நான் சொல்லுதத மட்டும் கேளு. முள்ளு கிழிச்சிட்டு, அதான் தச்சேன்னு சொல்லிரு. நானும் ஆமா சார், அன்னைக்கு பாத்தேன்னு சொல்லிருதேன்."

"வரிசையாவா அண்ணாச்சி முள்ளு கிழிக்கும்?"

"வாயப் பாரு. ஒனக்குக் காடு வேணுமா, கேட்டு வேணுமா? அத மட்டும் யோசி தாயி."

போய்விட்டார். அவருக்கு என் மேல் அக்கறை, அதுதான் கூடுதலாக வலிக்கிறது. அதட்டினால் முறைத்துக்கொண்டு நிற்கலாம், அக்கறையாகப் பொய் சொல்லச் சொன்னால் என்ன செய்வது? எனக்குக் காடுதான் வேண்டும். கேட்டில் நான் மாதக்கணக்கில் நின்றிருக்கிறேன். வருகிற பெண்களின் பையைத் திறந்து, பவுடர் டப்பாவை முகர்ந்து, குழந்தையின் துணியை உதறிப் பார்க்கிற வேலை. படையில் சேர்ந்தவள் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன், செய்தது அது. கிராமங்களில் சோதனை போடும்போது பெண்களைத் தொடப் பெண் வேண்டும் என்பதால்தான் என்னைக் குழுவில் சேர்த்தார்கள், ஆனால் சேர்ந்த பிறகு நான் அதற்கு மட்டும் இல்லை. போன மழையில் பாதை ஓரத்து மண் ஒரு இடத்தில் மட்டும் காய்ந்த நிறத்தில் இருப்பதை முதலில் பார்த்தது நான். கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினேன். உள்ளே கண்ணிவெடி வயர் இருந்தது. லோகநாதனின் பூட்ஸ் அதற்கு இரண்டு அடி முன்னால் நின்றிருந்தது. அன்று இரவு சாப்பாட்டில் ஒருத்தரும் என்னை மேடம் என்று கேலி செய்யவில்லை. அந்தக் காட்டை, அந்த நடையை, முதுகில் எடை அழுத்த அழுத்தக் கண் மட்டும் கூர்மையாகிற அந்த நேரத்தை இந்த முடிச்சுக்காக விடுவதா? முள் கிழித்தது சார். ஒரு வரி. சொல்லிவிடலாம். நாக்கு வரைக்கும் வருகிறது. சொன்னால் என்ன ஆகும்? நான் அழகாக எதையாவது செய்தால், அதைக் கிழிசல் என்று சொன்னால்தான் மன்னிப்பு என்று நானே ஒத்துக்கொண்டது ஆகும்.

யாருக்காக. இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தபோது முகத்தில் பவுடர் பூசிக்கொண்டுதான் போவாள். கந்தகமும் மருந்தும் நாறுகிற இடத்துக்குப் பவுடர். மேஸ்திரி எல்லோர் எதிரிலும், "யாரப் பாக்க மாவு பூசிட்டு வந்திருக்க?" என்று கேட்டான். சோறு கொண்டுபோன நான் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். அம்மா சிரித்தாள். சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அவள் மேல் இல்லை, அந்தச் சிரிப்பின் மேல். இல்லை, அவள் மேலும்தான். கமாண்டன்ட் கேட்ட உடனே என் முகமும் ஒரு நொடி அப்படிச் சிரிக்கப் பார்த்தது. உதட்டைக் கடித்து நிறுத்தினேன். இன்னும் கடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

வேறொரு பதில் இருக்கிறது. அதைச் சொன்னால் அவர் வாயடைத்துப்போவார். எங்கள் தெருவில் ஒரு பையன் எல்லையில் செத்தான். தெரு முனையில் பெரிய பேனர். அவசரத்துக்குக் கிடைத்தது அவனுடைய அடையாள அட்டைப் போட்டோதான் போல. சட்டைக் காலர் கழுத்தைவிட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது. உள்ளே கழுத்து கோழிக்குஞ்சுக் கழுத்து மாதிரி இருந்தது. ஊரே அழுதது, நானும் அழுதேன், ஆனால் எனக்கு அந்தக் காலர்தான் தாங்கவில்லை. எவ்வளவு வாட்டசாட்டமான பையன், யாரோ ஒரு ஸ்டோர்க்காரன் எறிந்த சட்டைக்குள் நோஞ்சானாக நின்று மாலை வாங்கிக்கொண்டிருந்தான். காட்டுக்குள் கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயம்தான், வேறென்ன. கால் போகுமா, முகம் போகுமா. அதோடு இதுவும், என் பேனரில் என் காலர் எப்படி நிற்கும். சார், நான் செத்தால் இந்த உடுப்பில்தான் என்னைப் பார்ப்பார்கள், அதனால் தைத்தேன். சொன்னால் தலைகுனிந்துவிடுவார். ஆனால் அதுவும் பாதிப் பொய். முடிச்சுப் போடும்போது நான் சாவை நினைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், துவைத்த துணி கொடியில் ஆடிக்கொண்டிருந்தது, பாராக்கில் யாரும் இல்லை, மூடியின் ஓரம் வெறிச்சென்று இருந்தது. ஒரு முடிச்சுப் போட்டேன். நன்றாக இருந்தது. இன்னொன்று போட்டேன். முடித்துவிட்டுச் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்துக்குச் சாவைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டுமா? செத்தால்தான் நான் அழகாக இருக்க அனுமதியா?

பூட்ஸ் சத்தம் திரும்பி வருகிறது. வரிசை முழுக்க இன்னும் விறைக்கிறது. வந்து நிற்கிறார்.

"யோசித்தாயா?"

"யோசித்தேன் சார்."

"யாருக்காக?"

"யாருக்காகவும் இல்லை சார். பார்க்க நன்றாக இருக்கிறது. அதற்காகத் தைத்தேன்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமுகிறார். அவர் எனக்காக வைத்திருந்த முள் வீணாகிப்போனது.

"பார்க்க நன்றாக இருப்பதற்கு இது கல்யாண வீடு இல்லை."

"தெரியும் சார். லோகநாதன் தோளில் இருக்கும் மண்டையோடும் பார்க்க நன்றாக இருக்கத்தான் சார். அதை எடுக்கச் சொன்னால் நானும் இதை எடுத்துவிடுகிறேன்."

சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கிறார். பிறகு வரிசையைப் பார்க்கிறார், மண்டையோடு, கையுறை, கத்தி, கண்ணாடி, உறை என்று ஒவ்வொன்றாக. இவ்வளவு நேரம் பார்த்ததைத்தான் பார்க்கிறார், ஆனால் இப்போதுதான் அவர் கண்ணில் அது படுகிறது. "அவள் சொல்வது சரி" என்கிறார். "சட்டம் எல்லோருக்கும் ஒன்று. அரசு கொடுக்காதது எதுவும் உடுப்பில் இருக்கக் கூடாது. எல்லோரும் எடுங்கள். எடுத்தவர்கள் வண்டியில் ஏறலாம். நீயும்தான், எடுத்துவிட்டு ஏறு." ஒரு மூச்சு நேரம் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோகிறது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

சர்ர். லோகநாதன் மண்டையோட்டை உரித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். சர்ர், சர்ர் என்று வரிசை முழுக்க. கண்ணாடி சட்டைக்குள் போகிறது, கையுறை பைக்குள் போகிறது, மடித்த கை கீழே இறங்குகிறது. அவ்வளவுதான், முடிந்தது, எல்லோரும் வண்டியைப் பார்த்து நடக்கிறார்கள். தைத்தவள் நான் ஒருத்திதான். இன்ஸ்பெக்டர் தன் தொப்பி மடிப்பிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் கொடுக்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாகக் குத்தித் தூக்குகிறேன். நன்றாகப் போட்ட முடிச்சுகள், லேசில் வரவில்லை. கமாண்டன்ட் நிழலில் நின்று காத்திருக்கிறார். வண்டியிலிருந்து எவனோ, "மேடம், சாயந்தரம் ஆகிடப்போகுது" என்கிறான். கடைசி நூலையும் உருவி எழுந்து நிற்கும்போது மூடியின் ஓரத்தில் ஒரு வரிசை ஓட்டை. முடிச்சு இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் புதிதாக இருக்கிறது. முடிச்சைவிட ஓட்டைதான் நன்றாகத் தெரிகிறது. "குட்" என்கிறார் அவர். உண்மையாகவே திருப்தியாக இருக்கிறார். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்திவிட்டார். கெட்டவர் என்று திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்.

வண்டி கேட்டைத் தாண்டுகிறது. வளைவு திரும்பி முகாம் மறைந்ததும் பக்கத்தில் சர்ர். எதிரில் சர்ர். மண்டையோடுகள் தோளுக்குத் திரும்பி வருகின்றன, ஆரஞ்சுக் கண்ணாடிகள் மூக்கில் ஏறுகின்றன. ஒருவன் சட்டைக் கையை மடிக்கிறான். ஒருத்தருக்கும் என் மேல் கோபம் இல்லை, கோபப்படும்படி அவர்களுக்கு ஒன்றும் போகவில்லையே. நான் பார்ப்பதை லோகநாதன் பார்த்துவிடுகிறான்.

"இன்னா பாக்குற? அவருதான் போய்ட்டாருல்ல."

வண்டியில் முன்னால் இருக்கும் இன்ஸ்பெக்டர் சத்தம் கேட்காத மாதிரி ரோட்டைப் பார்க்கிறார். அவர் கொடுத்த ஊசி இன்னும் என் கையில் இருக்கிறது. துப்பாக்கியை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொள்கிறேன்.

"அண்ணாச்சி, நூல் இருக்கா?" எல்லோருக்கும் கேட்கிற மாதிரியேதான் அண்ணாச்சி என்கிறேன்.

"எதுக்கு?"

பாக்கெட் மூடியின் ஓட்டை வரிசையைத் தூக்கிக் காட்டுகிறேன். அவர் திரும்பிப் பார்க்கிறார். பிறகு தொப்பியைக் கழற்றி, மடிப்பைப் பிரித்து, ஒரு அட்டையில் சுற்றிய நூலை எடுத்துப் பின்னால் நீட்டுகிறார்.

"எங்கிட்ட கருப்புதான் கெடக்கு. அது நல்லாத் தெரியுமே, செண்பகம்."

"தெரியட்டும்."

வண்டி குலுங்குகிறது. மூன்றாவது தடவைதான் ஊசியில் நூல் ஏறுகிறது.